மூடக்கூடாத புத்தகம்

அந்தக் கல்லூரி நூலகத்துக்கு மின்னூல் வந்த விழாவில் மந்திரி இருந்தார், செண்டை மேளம் இருந்தது, இரண்டு யானைக்குச் சொல்லி ஒரு யானை வந்திருந்தது. புத்தகம்தான் இல்லை. இருந்ததையெல்லாம் முந்தின வாரமே சாக்கில் கட்டி, கொச்சங்காடிக் கடைத்தெருப் பக்கம் லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. விருந்தாளி வரும் வீட்டில் பழைய சாமான் கண்ணில் படக் கூடாதல்லவா.

கல்லூரி கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகு நெடி முடிந்து மீன் நெடி தொடங்கும் இடத்தில் இருந்தது. வருஷம் இரண்டாயிரத்து ஐந்து, ஜூன் மாத மழை. பிரின்சிபல் டாக்டர் ஆனந்தகுமார் மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமாகப் பேசியதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்:

"இத்தனை காலமாக இந்த நூலகத்துக்கு ஒரே எதிரி யார்? வாசகர். அவர் பக்கத்தை மடிக்கிறார், அடிக்கோடு இழுக்கிறார், எச்சில் தொட்டுப் புரட்டுகிறார், போதாததற்கு வீட்டுக்கும் கொண்டுபோகிறார். அந்தத் தொல்லை இன்றோடு தீர்ந்தது. ஆறாயிரம் மின்னூல் வாங்கியிருக்கிறோம். இனி இந்தக் கல்லூரியில் ஒரு புத்தகமும் கிழியாது, தொலையாது, அழுக்காகாது. ஏனென்றால் ஒரு கையும் அதைத் தொடப்போவதில்லை. வாசகர்களிடமிருந்து முழு விடுதலை பெற்ற முதல் நூலகம் என்று நம்மைச் சரித்திரம் சொல்லும்."

மந்திரி அதுவரை தூங்கிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில்தான் விழித்துக் கைதட்டினார்.

கூட்டத்தின் பின்வரிசையில், நனைந்த குடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, முப்பிடாதி நின்றிருந்தாள். அவள் அம்மா காளியம்மை கார்ப்பரேஷனில் தெருப் பெருக்குகிறவள். அப்பா வெலிங்டன் தீவு துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். முப்பிடாதி எம்.ஏ. பொருளியலில் எல்லாத் தாளையும் தேறிவிட்டு ஒன்றே ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தாள். துறைமுகப் பொருளியல். அப்பா துறைமுகத்தையே முதுகில் சுமக்கிறார், மகளுக்கு அது மண்டையில் ஏறவில்லை என்று தெருவே சிரித்தது. பழைய பாடத்திட்டத்துக்கு அக்டோபரில் வரும் பரீட்சைதான் கடைசி. அதிலும் தவறினால் தேறிய தாளெல்லாம் செல்லாது. முதல் வருஷத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். காளியம்மை அப்படியொரு மறுபடியை வீட்டுக்குள் விடப்போவதில்லை. கோயமுத்தூரில் இட்லிக்கடை வைத்திருந்த ஒரு மாமா மகனைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தாள்.

அந்தத் தாளுக்கு ஒரே ஒரு பாடநூல். தலையணை மொத்தம். அட்டையில் கப்பல். அதன் ஏழாம் அத்தியாயத்தைப் படிக்காமல் அந்தப் பரீட்சையைத் தேறியவன் பூமியில் இல்லை. நூலகத்தில் ஐந்து பிரதி இருந்தது. ஐந்தும் லாரியில் போய்விட்டன.

இப்போது பாருங்கள் கூத்தை. மின்னூலைத் துவக்கி வைக்கும் சடங்கு பிரின்சிபல் அறையில், அவருடைய கம்ப்யூட்டரில் நடந்தது. ஆறாயிரத்தில் எதைத் திறப்பது என்று மந்திரி கேட்டார். கொச்சிக்குக் கப்பல்தானே பொருத்தம். மந்திரி கிளிக் செய்தார், திரையில் அட்டை வந்தது, கேமராக்கள் மின்னின. அப்புறம் மந்திரி போனார், யானை போனது. கடைசியில் பியூன் ஷாஜி கம்ப்யூட்டரை அணைக்க வந்தார்.

"கையை எடு" என்றார் ஆனந்தகுமார். "மந்திரி திறந்ததை மூட உனக்கென்ன அதிகாரம், எனக்கென்ன அதிகாரம்? பாலம் திறந்தால் சாயங்காலம் மூடுகிறோமா?"

மூடுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம். ஆனால் கொள்கை என்று வந்துவிட்ட பிறகு சின்னக் காரணங்களைப் பார்க்கக் கூடாது.

அன்றிலிருந்து அந்தப் புத்தகம் திறந்தபடியே இருந்தது. கரண்டு போனால் அட்டை மறைந்துவிடுமே என்று ஜெனரேட்டர் வாங்கினார்கள். கம்ப்யூட்டர் தானாகக் கண்ணயர்ந்துவிடாமல் இருக்க மணிக்கு நாலு தடவை மவுஸை லேசாக அசைக்கும் வேலை ஷாஜிக்கு வந்தது. சாப்பிடப் போகும்போது இடது கையால் அசைத்துவிட்டுப் போவார். வருகிற பெரியமனிதர்களையெல்லாம் பிரின்சிபல் திரைக்கு முன்னால் நிறுத்துவார். அவர்கள் கப்பலைப் பார்ப்பார்கள். பிறகு சாயா வரும்.

கீழே நூலகம். அதற்கு இப்போது மின்னூல் மண்டபம் என்று பெயர். அலமாரிகள் போன இடத்தில் குளிர்சாதனம், நடுவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பட்டு உறை. நூலகர் வெங்கிடராமன் நியமம் தவறாத மனிதர். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவித்தான் உள்ளே விடுவார். நூலகப் புத்தகத்தில் முத்திரை இல்லாமல் முடியாது. மின்னூலில் குத்த இடம் அகப்படாததால் கம்ப்யூட்டரின் முதுகு, விலா என்று காலி இடம் பார்த்துக் குத்திவிட்டார். பூச்சி அரிக்காமலிருக்கப் பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டார். மவுஸ் எழுப்பும் சத்தம் மற்றவர்களின் வாசிப்பைக் கெடுக்கும் என்று அதற்கு ஒரு கம்பளிச் சட்டையும் தைத்துப் போட்டார். மற்றவர்கள் என்று யாரும் இல்லைதான். இருந்தால்?

முப்பிடாதி கைகால் கழுவி, கம்பளிக்குள் விரலை நுழைத்து, கப்பல் புத்தகத்தைக் கேட்டாள். திரையில் ஒரு வரி வந்தது: இந்தப் புத்தகத்தை இப்போது வேறொருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். விற்ற கம்பெனியிடம் கல்லூரி போட்டிருந்த ஒப்பந்தம் மலிவானது. ஒரு புத்தகம், ஒரு நேரத்தில் ஒரு வாசகர்.

"யாரு சார் வாசிக்கிறது?"

"பிரின்சிபலாக்கும்."

"எப்ப முடிப்பாரு?"

வெங்கிடராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அவசரப்படாத வாசிப்பு, கேட்டியோ குட்டி. இன்னும் அட்டையிலதான் இருக்கார்."

ஜூலையில் கேட்டாள், அட்டை. ஆகஸ்டில் ஓணம் வருமுன் கேட்டாள், அட்டை. அவளைப் போலப் பழைய பாடத்திட்டத்தில் மிச்சப்பட்டுப் போன பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அந்த ஒரே வரியை வாசித்துவிட்டுப் போனார்கள். மாதக் கணக்கில் அந்த மண்டபத்தில் அதிகம் வாசிக்கப்பட்ட இலக்கியம் அந்த வரிதான்.

அச்சுப் புத்தகம் கடையில் கிடைக்காதா என்றால், அது பதிப்பு நின்றுபோய் வருஷமாகிவிட்டது. அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் கொச்சங்காடிக் கடையில் அம்மாவுக்குச் சீரகம் வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காகிதத்தில் சரக்குக் கட்டணம் பற்றிய ஒரு பட்டியல். மேலே, அத்தியாயம் ஏழு.

மறுநாளும் சீரகம் வாங்கினாள். ஆறாம் அத்தியாயத்தின் வால் வந்தது. கடைக்காரர் தாளைக் கிழிக்கும் கையையே பார்த்துக்கொண்டு நின்று, சேட்டா, எனக்கு அந்த அடுத்த தாள்ல மடக்கித் தாங்க என்று கேட்டாள். அடுத்த தாள் கடுகுக்குப் போய்விட்டது என்றார் அவர். கடுகும் வாங்கினாள். சோம்பு வாங்கினாள், வெந்தயம் வாங்கினாள். முழுத்தாளாகக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சியதற்கு, வெறும் காகிதம் விற்கிற கடை இதில்லை என்று அவர் தன் வியாபார தர்மத்தை எடுத்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் ஏழாம் அத்தியாயத்தில் மூன்று தாளும், ஒரு கல்யாணச் சமையலுக்கான பலசரக்கும் சேர்ந்தன.

"ஏட்டி, என்ன நாள் பாக்கதுக்கு முன்னாடியே சாமான் சேக்க?" என்று காளியம்மை கேட்டாள். அவளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் முப்பிடாதி நேரே பிரின்சிபல் அறைக்குப் போனாள். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். ஆறாயிரம் புத்தகம் இருக்கும்போது வேறொருவர் எடுத்த புத்தகம்தான் வேண்டும் என்பது இளைஞர்களிடம் வளர்ந்துவரும் ஒரு பொறாமைக் குணம் என்றார். விலங்கியலில் அருமையான புத்தகங்கள் சும்மா கிடக்கின்றன, யாரும் கேட்பதில்லை என்றார். தவிர, இந்த நூலகத்திலேயே நூறு சதவீதம் பயன்பாட்டில் இருக்கும் புத்தகம் இது ஒன்றுதான். இரவும் பகலும் வாசிப்பில் இருப்பதாகப் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை போயிருக்கிறது. அந்தப் பெருமையை ஒரு மாணவியின் பரீட்சைக்காகக் கெடுத்துக்கொள்ள முடியுமா என்று அவளையே கேட்டார்.

"ஒரு தடவை அடுத்த பக்கம் போய்ப் பாத்திருக்கீங்களா சார்?" என்றாள்.

ஆனந்தகுமார் திரையைப் பார்த்தார். அடுத்த பக்கம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியது போலிருந்தது. "போகலாம்" என்று வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அக்டோபர் வந்தது, நவராத்திரி வந்தது. அங்கே வழக்கம் தெரியுமல்லவா. அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைச் சரஸ்வதி முன்னால் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கிற வரை ஊரில் யாரும் ஓர் எழுத்துகூட வாசிப்பதில்லை. படிக்காத பிள்ளைகள் அந்த விரதத்தை மிக உண்மையாகக் கடைப்பிடிப்பார்கள். எடுக்கிற அன்று, கூடியிருக்கிற எல்லாரும் எடுத்த புத்தகத்தைத் தொட்டு ஏதாவது வாசித்தாக வேண்டும்.

மின்னூலுக்கும் பூஜை வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆறாயிரத்தையும் தூக்கிவர முடியாது. எல்லாவற்றுக்கும் பிரதிநிதியாகப் பிரின்சிபலின் கம்ப்யூட்டரே வைக்கப்பட்டது. மானிட்டருக்குச் சாமந்தி மாலை. கண்ணாடியில், கப்பலின் புகைபோக்கிக்கு நேராகச் சந்தனம். தேங்காயை மட்டும் மின்கசிவுக்குப் பயந்து வராந்தாவில் உடைத்தார்கள். வழக்கப்படி யாரும் வாசிக்கக் கூடாதென்பதால் கீழே மண்டபமும் பூட்டப்பட்டது. பூஜை கழிந்த திங்கட்கிழமை பரீட்சை.

விஜயதசமி காலையில் பிரின்சிபல் அறையில் கூட்டம். முப்பிடாதியும் அவள் கூட்டாளிகளும் குளித்து வந்து வாசல்வரை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் சோனியாவை மட்டும் காணோம். அன்று காலை வெங்கிடராமன் மண்டபத்தைத் திறந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரும்படி அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

வெங்கிடராமன் கற்பூரம் காட்டி மாலையை எடுத்தார். ஆனந்தகுமார் பக்தியோடு திரையைத் தொட்டு, அட்டையில் இருந்த தலைப்பை வாசித்தார். பதிப்பகத்தின் பெயரை வாசித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மதி" என்றார். போதும் என்று அர்த்தம். ஷாஜி சுண்டல் தட்டை எடுத்தார்.

"நாங்க இன்னும் வாசிக்கலை சார்" என்றாள் முப்பிடாதி.

அறை அவள் பக்கம் திரும்பியது. பிரின்சிபல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெங்கிடராமன் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் பெரிய போராட்டம் தெரிந்தது. நியமம் என்று வந்துவிட்டால் அவருக்குப் பிரின்சிபலும் இல்லை, மந்திரியும் இல்லை. "எடுத்த புஸ்தகத்த எல்லாரும் வாசிக்கணும்கறதுதான் முறை, சார்" என்றார் மெதுவாக. "விட்டா தோஷம்."

"ஒரு வரி" என்றார் பிரின்சிபல். "அட்டையில."

"அட்டைய நீங்க வாசிச்சிட்டீங்களே சார்" என்றாள். "நாலு மாசமா."

யாரோ சிரித்தார்கள். ஷாஜியாகத்தான் இருக்க வேண்டும். அவர்தான் உடனே சுண்டலைப் பார்த்தார். ஆனந்தகுமார் எழுந்து அவள் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு தகப்பனைப்போலப் பேசினார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்டவர்கள் கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். நீ கெட்டிக்காரி என்றார். பரீட்சை வரைக்கும் நாளையிலிருந்து காலையில் இங்கேயே வந்து, இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டி வாசித்துக்கொள். சாயா ஷாஜி கொண்டுவருவான். போகும்போது மட்டும் கப்பலைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடு. மற்றவர்களிடம் சொல்லாதே.

முப்பிடாதி யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே யோசித்தாள். ஏழாம் அத்தியாயம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோயமுத்தூரும் அவ்வளவு தூரத்தில்தான் இருந்தது. அவளுக்கு மட்டும் தனியாக ஒரு கதவு திறக்கிறது. நுழைந்துவிட்டால் திங்கட்கிழமை தேறிவிடலாம். வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தாள். குளித்த ஈரம் இன்னும் காயாத முகங்கள். அவர்களில் ஒருவருக்குக் கூட அவர் தாழ்த்திய குரல் எட்டவில்லை. எட்டாமல் இருப்பதற்குத்தான் தாழ்த்தினார் என்று அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது.

அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எனக்கு மட்டும் வேண்டாம் சார். மூடிருங்க. கீழ எல்லாருக்கும் வரட்டும்."

"மூடுவதற்கு ஆட்சிக்குழு கூட வேண்டும்" என்றார் ஆனந்தகுமார். "மந்திரி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். விதிமுறை..."

அவர் விதிமுறையின் நடுவில் இருக்கும்போதே முப்பிடாதி மவுஸைப் பிடித்து, திரையின் மூலையில் இருந்த சின்னப் பெருக்கல் குறிக்குக் கொண்டுபோய் ஓர் அழுத்து அழுத்தினாள்.

ஜெனரேட்டர் வெடிக்கவில்லை. ஓடு விழவில்லை. அரசாங்கமும் கவிழவில்லை. அறையில் எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்பது அவர்கள் தலையைத் தாழ்த்தியிருந்த விதத்தில் தெரிந்தது. அதைவிட விசேஷம், கப்பலும் போகவில்லை. நாலு மாசம் இரவுபகலாக ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடியில் அதன் நிழல் சாம்பல் நிறத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனந்தகுமார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வெளிச்சம். "பாத்தியா" என்றார். "மூடினாலும் மூடாது. அதுதான் தொழில்நுட்பம்."

அவர் சுண்டல் சாப்பிடத் தொடங்குவதற்குள் முப்பிடாதி மாடிப்படி இறங்கிவிட்டாள்.

கீழே சோனியாவுக்குப் புத்தகம் கிடைத்துவிட்டிருந்தது. நாலு மாசத்தில் முதல் தடவையாக அந்த ஒரு வரி மறைந்து, பக்கம் ஒன்று திரையில் நின்றது. ஆனால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. பின்னாலேயே ஓடிவந்த கூட்டம் இருந்த வேகத்தில் பதினைந்தங்குலத் திரைக்குள் தலைகளைத் திணித்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. புத்தகத்தை விடுவித்த முப்பிடாதி எல்லாருக்கும் பின்னால், ஒருவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்றால் அவள் முறை வருவதற்குள் பரீட்சை மட்டுமல்ல, தாம்பூலம் மாற்றியும் ஆகிவிடும்.

"சோனியா, உரக்க வாசி" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

சோனியா வாசித்தாள். கூட்டம் தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியது. நின்று நிதானமாக வாசிக்க நேரமில்லை. கேட்காத இடத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னார்கள், புரியாத இடத்தில் சண்டை போட்டார்கள், தெரிந்த இடத்தைத் தாண்டச் சொன்னார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் சோனியாவுக்குத் தொண்டை கட்டி இன்னொருத்தன் உட்கார்ந்தான். அவன் உச்சரிப்பைக் கேலி செய்தபடியே ஆறு வரை ஓட்டினார்கள்.

வெங்கிடராமன் அப்போதுதான் வந்தார். மண்டபத்துக்குள் செருப்புகள் கிடந்தன. கம்பளிச் சட்டை கழற்றப்பட்டு மவுஸ் அம்மணமாக இருந்தது. அவர் தன் மேஜைக்குப் போய்க் கம்பெனியின் ஒப்பந்தத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். சத்தம் அடங்கிவிட்டது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஒரு நேரத்துல ஒரு வாசகர்னுதான் போட்டிருக்கான்" என்றார் கடைசியில். "கேக்கறவாளப் பத்தி ஒண்ணும் இல்லை." பிறகு, தன்னையே கடிந்துகொள்கிற குரலில், "கதவைத் திறந்து வைங்கோ. வராந்தாவுல நிக்கறவாளுக்குக் கேக்கலை" என்றார்.

ஏழாம் அத்தியாயத்துக்கு முப்பிடாதி நாற்காலியில் உட்கார்ந்தாள். சீரகத்தோடு வந்த சரக்குக் கட்டணப் பட்டியல் இதோ முழு உடம்போடு, முன்னும் பின்னும் விளக்கத்தோடு நின்றது. இத்தனை நாளாக அவளுக்கு அது ஏன் புரியவில்லை என்பது இப்போது புரிந்தது. அதன் மற்ற பாதி கடுகில் போயிருந்தது. அவள் ஒவ்வொரு வரியாக, மேலே மாடிக்கும் கேட்கும் குரலில் வாசித்தாள்.

மதியம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. எத்தனை தடவை மவுஸை அசைத்தும் சாம்பல் கப்பலுக்கு நிறம் திரும்பவில்லை. பிரின்சிபல் மறுபடி கப்பலைத் திறந்துவைக்கும்படி உத்தரவிட, திறந்த ஷாஜிக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி: இந்தப் புத்தகத்தை இப்போது வேறொருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். யாரென்று பார்த்துப் பிடுங்கி வரச் சொல்லி அவரைக் கீழே அனுப்பினார்கள்.

ஷாஜி வந்து வாசலில் நின்றார். தரை தெரியவில்லை. பொருளியல்காரர்கள் போக, இயற்பியல்காரர்களும் இருந்தார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. முப்பிடாதி அவரைப் பார்த்தாள், வாசிப்பை நிறுத்தவில்லை. பார்த்தவாறே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அவர் உள்ளே வராமல் சுவரோரம் ஒரு காலை மாற்றி ஊன்றிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். மூட்டைக்கு இவ்வளவு என்று இறக்குகூலி போடும் கணக்கு வந்த இடத்தில், "அது சரியாக்கும்" என்று தலையாட்டினார்.

மேஜைமேல் போன் அடித்தது. வெங்கிடராமன் கூரையைப் பார்த்தார். ஷாஜிதான் எடுத்தார். மறுமுனையின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சாரே, புத்தகம் வெளியே போயிருக்கு, சாரே" என்றார் ஷாஜி. கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "ஆமா சாரே, கண்டு. வாசிச்சிட்டுதான் இருக்கு."

யார் என்று மேலிருந்து கத்தல் வந்தது.

ஷாஜி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து வராந்தா வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாரும், சாரே" என்றார்.